ஸ்பெக்டேட்டர்: முதல் ஆண்டின் கணக்கு

1711 டிசம்பர் 31, திங்கட்கிழமை. லண்டன் காபிக் கடைகளுக்கு அன்று காலை ‘ஸ்பெக்டேட்டர்’ பத்திரிகையின் 262ஆம் இதழ் வந்து சேர்ந்தது. எப்போதும்போல ஒற்றைத் தாள், இரு பக்கமும் அச்சு, விலை ஒரு பென்னி. ஜோசஃப் அடிசன் அன்று எழுதியது தன் பத்திரிகையைப் பற்றியே. பத்து மாதமாக ஞாயிறு தவிர நாள்தோறும் வரும் இந்தத் தாளில் செய்தி கிடையாது, கட்சிச் சண்டை கிடையாது, ஆபாசம் கிடையாது, மதத்தைக் கேலி செய்வது கிடையாது, எவரையும் அடையாளம் காட்டி ஏசுவதும் கிடையாது. அப்படியிருந்தும் ஜனங்கள் கேட்டு வாங்குகிறார்களே என்று பூரித்துப்போகிறார். முடிக்கும்போது, வரும் சனிக்கிழமை முதல் மில்டனின் ‘பேரடைஸ் லாஸ்ட்’ காவியத்தை ஆராயப்போவதாக அறிவிக்கிறார்.

அந்த நாட்களில்தான் ஆன் அரசி, பிரான்ஸுக்கு எதிரான போரை ஆண்டுக்கணக்கில் நடத்திய தளபதி மார்ல்பரோவைப் பதவியிலிருந்து நீக்கினார். பிரபுக்கள் சபையில் பெரும்பான்மை கிடைக்க வேண்டும் என்பதற்காகப் பன்னிரண்டு பேருக்குப் புதிதாகப் பிரபுப் பட்டம் கொடுத்தார். ஊரெல்லாம் இதே பேச்சாக இருந்திருக்க வேண்டிய வேளையில் ஸ்பெக்டேட்டர் தன் ஐந்தொகையை எழுதிக்கொண்டிருந்தது.

இருவர் கூட்டாக நடத்திய ஒரு பத்திரிகையின் முதல் ஆண்டை எடைபோட இந்த 262ஆம் இதழைவிட வசதியான இடம் வேறில்லை. அடிசன் அன்று தனக்குத்தானே கொடுத்துக்கொண்ட நற்சான்றை இலக்கிய வரலாறுகள் ஏறக்குறைய அப்படியே வாங்கிக்கொண்டுவிட்டன. கட்சி சாராத நடுநிலை, பண்பான பேச்சு, தெளிந்த உரைநடை என்று பாடப்புத்தகங்கள் ஒப்பிக்கின்றன. தெளிந்த உரைநடை என்பதை மறுக்க மாட்டேன். நடுநிலை என்பதை ஒப்புக்கொள்ள முடியவில்லை. அடிசன் எந்த இடத்தில் பெருமைப்பட்டாரோ அந்த இடத்தில்தான் பத்திரிகை பலவீனமாக இருக்கிறது. அதன் உண்மையான சாதனைகளை அவர் அந்தப் பட்டியலில் சேர்க்கவே இல்லை.

முதலில் ஆட்களைப் பார்த்துவிடுவோம். அடிசனும் ரிச்சர்ட் ஸ்டீலும் 1672இல் பிறந்தவர்கள், சார்ட்டர்ஹவுஸ் பள்ளியில் ஒன்றாகப் படித்தவர்கள். அடிசன் ஆக்ஸ்ஃபோர்டில் லத்தீன் கவிதையால் பேரெடுத்து, அங்கிருந்து அரசியலுக்குள் நிதானமாக ஏறியவர். டப்ளினில் பிறந்த ஸ்டீல், பட்டம் வாங்காமலே பட்டாளத்துக்குப் போனவர், நாடகம் எழுதியவர், கடன்காரர்களுக்குப் பதில் சொல்லியே காலம் கழித்தவர். 1709 ஏப்ரலில் ‘டாட்லர்’ பத்திரிகையைத் தொடங்கியவர் ஸ்டீல். அடிசன் பிறகு வந்து சேர்ந்தார். வாரம் மூன்று முறை வந்த டாட்லர் 271 இதழ்களோடு 1711 ஜனவரி 2 அன்று நின்றது. இரண்டே மாதத்தில், மார்ச் 1 அன்று, இருவரும் சேர்ந்து ஸ்பெக்டேட்டரைக் கொண்டுவந்தார்கள்.

நடுவில் நடந்த ஒன்றைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1710இல் விக் கட்சி வீழ்ந்து டோரிகள் ஆட்சிக்கு வந்தபோது, விக் கட்சிக்காரர்களான இருவருக்கும் பதவி போயிற்று. ஸ்டீல் அரசிதழ் ஆசிரியர் வேலையை இழந்தார். அடிசன் அயர்லாந்து நிர்வாகத்தில் வகித்த செயலாளர் பதவியை இழந்தார். அரசியல் பேசுவதில்லை என்ற விரதத்தில் கொள்கை பாதி, முன்ஜாக்கிரதை பாதி என்று எண்ண இடமிருக்கிறது.

1711 மார்ச் 1 முதல் 1712 பிப்ரவரி 29 வரை 314 இதழ்கள் வந்தன. ஞாயிறு தவிர ஒரு நாளும் விட்டுப்போகவில்லை. அச்சிட்டவர் சாமுவேல் பக்லி, இங்கிலாந்தின் முதல் நாளிதழான ‘டெய்லி கூரன்ட்’டை அச்சிட்டவரும் அவரே. நாளிதழின் வேகத்தை எடுத்துக்கொண்டு செய்தியை மட்டும் விலக்கினார்கள். காலையில் தாள் வந்தாக வேண்டும், அதில் நேற்று நடந்தது எதுவும் இருக்கக் கூடாது. இந்த நெருக்கடியிலிருந்துதான் அதன் நல்லதும் கெட்டதும் பிறந்தன.

ஒவ்வொரு கட்டுரையின் அடியிலும் ஓர் எழுத்து இருக்கும். சி, எல், ஐ, ஓ ஆகிய நான்கில் ஒன்றிருந்தால் அடிசன். ஆர் அல்லது டி என்றால் ஸ்டீல். எக்ஸ் என்றால் அடிசனின் உறவினர் யூஸ்டஸ் பட்ஜெல். அக்கால வாசகருக்கு இந்தக் குறிகளின் பொருள் அறிவிக்கப்படவில்லை. அவர்களைப் பொறுத்தவரை எழுதுபவர் ஒரே ஒருவர்: ஊரெல்லாம் சுற்றி, எல்லாவற்றையும் பார்த்து, வாயே திறக்காத ‘ஸ்பெக்டேட்டர்’ என்ற ஒரு கனவான். இரண்டு பேர் ஒரே குரலில் பேச இது அருமையான உத்தி. குரல் ஒன்றாக இருந்ததால் பார்வையும் ஒன்றுதான் என்ற மயக்கத்தையும் அதுவே உண்டாக்கியது. இந்த மயக்கத்துக்குக் கொடுத்த விலையைப் பிறகு பார்ப்போம்.

பத்தாம் இதழிலேயே அடிசன் விற்பனைக் கணக்கைப் போட்டுவிட்டார். நாளுக்கு மூவாயிரம் பிரதி, பிரதிக்கு இருபது வாசகர், ஆக லண்டனிலும் வெஸ்ட்மின்ஸ்டரிலும் அறுபதாயிரம் சீடர்கள். இருபது என்பது அடக்கமான மதிப்பீடாம். பத்திரிகை தொடங்கிப் பன்னிரண்டாவது நாளில் இப்படிக் கணக்குப் போடும் துணிச்சல் விளம்பரத் துறையில் இருப்பவர்களுக்குப் புரியும். என்றாலும் மூவாயிரம் என்பது அன்றைக்குப் பெரிய எண்தான். காபிக் கடையில் ஒரு தாளைப் பலர் படித்ததும் உண்மைதான்.

இனி நடுநிலைக்கு வருவோம். இரண்டாம் இதழில் ஸ்டீல் ஒரு மன்றத்தை அறிமுகம் செய்கிறார். கிராமத்துப் பெருநிலக்காரர் சர் ரோஜர் டி கவர்லி, நகரத்து வணிகர் சர் ஆண்ட்ரூ ஃப்ரீபோர்ட், ஒரு வழக்கறிஞர், ஒரு படைத் தலைவர், ஒரு பாதிரியார், வயதாகியும் மைனர் மிடுக்கு குறையாத வில் ஹனிகோம். சர் ரோஜர் டோரி, சர் ஆண்ட்ரூ விக். இருவரும் ஒரே மேசையில் சண்டையில்லாமல் அமர்கிறார்கள். மேலோட்டமாகப் பார்த்தால் சமரசம்.

ஆனால் எந்த நிபந்தனையில் சமரசம் என்று கேட்டுப் பாருங்கள். டோரிக்காரர் அன்பானவர், வெள்ளந்தி, எல்லோருக்கும் பிடித்தவர். அவர் கருத்தை மட்டும் எவரும் பொருட்படுத்த வேண்டியதில்லை. செப்டம்பர் 19 அன்று வந்த 174ஆம் இதழில் இரண்டு பேரும் வணிகத்தைப் பற்றி மோதுகிறார்கள். கார்த்தேஜ் நகரத்தாரின் நாணயமின்மையை இழுத்து வணிகர்களைக் குத்துகிறார் சர் ரோஜர். சர் ஆண்ட்ரூ கணக்கும் காரணமுமாகப் பதில் சொல்கிறார். வாதத்தில் யார் ஜெயிக்க வேண்டும் என்று எழுதியவர் முன்பே முடிவு செய்துவிட்டார். எதிர்க்கட்சிக்காரனை வெறுக்கும்படி எழுதியிருந்தால் அது கட்சிப் பிரசாரம். அவனைச் செல்லத் தாத்தாவாக்கிவிட்டால் அதற்குப் பெயர் நடுநிலை! இதைவிடக் கெட்டிக்காரத்தனமான பிரசாரம் அந்தக் காலத்தில் இல்லை.

சந்தேகம் இருந்தால் புத்தக வடிவத்தைப் பாருங்கள். 262ஆம் இதழ் வந்து சில நாட்களே ஆன நிலையில், 1712 ஜனவரியில், முதல் இரண்டு தொகுதிகள் வெளிவந்தன. முதல் தொகுதி சாமர்ஸ் பிரபுவுக்குச் சமர்ப்பணம், இரண்டாவது ஹாலிஃபாக்ஸ் பிரபுவுக்கு. இருவரும் விக் தலைமைக் குழுவின் தூண்கள். ஒரு பென்னித் தாளில் கட்சி இல்லை. தோல் அட்டையில் இருந்தது.

அப்படியானால் சர் ரோஜர் வெறும் அரசியல் பொம்மைதானா? இல்லை. முதல் ஆண்டின் உச்சம் அவரைச் சுற்றித்தான் இருக்கிறது. 1711 ஜூலை முழுவதும் ஸ்பெக்டேட்டர் அவருடைய கிராமத்தில் தங்குகிறார். நம் ஊர்க் கல்லூரிகளில் ஒரு காலத்தில் கவர்லி கட்டுரைகளைப் பாடமாகப் படித்தவர்கள் இவற்றை நோட்ஸ் வழியாக மட்டுமே அறிந்திருக்கக்கூடும். பரீட்சை பயம் இல்லாமல் திரும்பப் படிக்க வேண்டியவை.

112ஆம் இதழின் ஞாயிற்றுக்கிழமை தேவாலயக் காட்சியை எடுத்துக்கொள்வோம். ஊருக்கே நிலச்சுவான்தாரான சர் ரோஜர் பிரசங்கத்தின்போது தன்னைத் தவிர வேறெவரையும் தூங்க விடமாட்டார். தான் தூங்கி விழித்ததும் எழுந்து நின்று சுற்றிலும் பார்த்து, யாராவது கண்ணயர்ந்திருந்தால் தானே எழுப்புவார் அல்லது வேலைக்காரனை அனுப்புவார். மற்றவர்கள் பாடி முடித்து அரை நிமிடம் கழித்து அவர் பாட்டை முடிப்பார். ஒரே ஜெபத்துக்கு மூன்று நான்கு முறை ஆமென் சொல்வார். எல்லோரும் முழங்காலிட்டிருக்கும்போது இவர் மட்டும் எழுந்து, குத்தகைக்காரர்களில் யார் வரவில்லை என்று எண்ணிக்கொண்டிருப்பார். வழிபாட்டுக்கு நடுவே ஜான் மேத்யூஸ் என்ற சோம்பேறியைப் பார்த்து, காலை ஆட்டிக்கொண்டு கூட்டத்துக்குத் தொந்தரவு கொடுக்காதே என்று உரக்க அதட்டுவார்.

சிரிக்கிறோம். அடிசன் ஒரு வார்த்தை விமர்சனம் சொல்வதில்லை. ஆனால் அந்த எண்ணிக்கையைக் கவனியுங்கள். ஜெபத்துக்கு வராத குத்தகைக்காரனுக்கு மறுநாள் என்ன நடக்கும் என்பதை அங்கே முழங்காலிட்டிருக்கும் ஒவ்வொருவனும் அறிவான். ஒரு கிராமத்தின் அதிகாரம் எப்படி வேலை செய்கிறது என்பதைக் கோபமில்லாமல், உபதேசமில்லாமல், ஒரு மனிதரின் கோணங்கித்தனத்துக்குள் வைத்துக் காட்டிவிடுகிறார். ஆங்கிலச் சிறுகதைக்கும் நாவலுக்கும் இந்த ஒரு பக்கம் செய்த உதவி பெரிது.

ஐந்து நாள் கழித்து வந்த 117ஆம் இதழ் இன்னும் கனமானது. மால் வைட் என்ற கிழவி சூனியக்காரி என்று ஊரே நம்புகிறது. வெண்ணெய் திரளாவிட்டால் அவள்தான் காரணம். சர் ரோஜருக்கே பாதி நம்பிக்கை; அவளை விசாரணைக்கு அனுப்பலாமா என்று பலமுறை யோசித்திருக்கிறார், அவருடைய பாதிரியார்தான் தடுத்திருக்கிறார். சூனியம் என ஒன்று உலகில் உண்டு என்று பொதுவாக நம்புகிறேன், ஆனால் குறிப்பிட்ட எந்த நிகழ்ச்சியையும் நம்ப முடியவில்லை என்பதாக அடிசன் தன் நிலையைச் சொல்கிறார். மதில்மேல் பூனை என்று இதைத் தள்ளிவிட முடியாது. கடைசியில் அவர் பேசுவது முதுமையையும் வறுமையையும் பற்றி: ஊர் சோறு போட மறுக்கும் கிழவிதான் ஊருக்குச் சூனியக்காரி ஆகிறாள். எட்டு மாதம் கூட ஆகவில்லை, 1712 மார்ச்சில் ஹெர்ட்ஃபோர்டு நீதிமன்றம் ஜேன் வென்ஹாம் என்ற பெண்ணைச் சூனியக் குற்றத்துக்காகத் தூக்கிலிடத் தீர்ப்பளித்தது. அரசியின் மன்னிப்பால் அவர் பிழைத்தார். கட்சி அரசியலைத் தொடாமலும் ஒரு தாள் தன் காலத்தின் உயிர்போகும் பிரச்சினையைத் தொட முடியும் என்பதற்கு இது சான்று. அடிசன் இதையல்லவா பட்டியலிட்டிருக்க வேண்டும்?

சர் ரோஜரை உருவாக்கியவர் ஸ்டீல். இரண்டாம் இதழில் சர் ரோஜர் இளமையில் நகரத்து ஷோக்குப் பேர்வழி. ரோச்செஸ்டர் பிரபுவோடு விருந்துண்டவர், கத்திச் சண்டை போட்டவர், ஒரு விதவையிடம் காதலில் தோற்று உடுப்பையே அந்தக் காலத்தோடு நிறுத்திக்கொண்டவர். அடிசன் கைக்கு வந்ததும் இந்தக் கடந்தகாலம் மங்கி, குழந்தை மனம் முன்னே வருகிறது. ஜூலையில் நடுநடுவே ஸ்டீல் புகுந்து விதவையின் கதையை (113) மீண்டும் எழுப்புகிறார். இந்த முரண் பாத்திரத்தைக் கெடுத்திருக்க வேண்டும். நடந்தது வேறு. காயம் ஸ்டீலுடையது, சிரிப்பு அடிசனுடையது. இரண்டும் சேர்ந்த இடத்தில்தான் சர் ரோஜர் மனிதரானார். அடிசன் தனியாக எழுதியிருந்தால் ஒரு கேலிச்சித்திரமும் ஸ்டீல் தனியாக எழுதியிருந்தால் ஒரு கண்ணீர்க் கதையும் கிடைத்திருக்கும்.

கூட்டு எழுத்து பலித்த இடம் இது. பலிக்காத இடம்தான் என் வழக்கின் மையம்.

1711 மார்ச் 13 அன்று வந்த 11ஆம் இதழை எழுதியவர் ஸ்டீல். பெண்கள் நிலையில்லாதவர்கள் என்று ஒருவன் பீற்றிக்கொள்ள, அரியெட்டா என்ற பெண்மணி பதிலுக்கு ஒரு கதை சொல்கிறாள். ரிச்சர்ட் லிகன் 1657இல் வெளியிட்ட பார்படோஸ் தீவின் வரலாற்றில் உள்ள ஒரு குறிப்பை ஸ்டீல் விரித்த கதை அது. தாமஸ் இங்கிள் என்ற இளம் ஆங்கில வணிகன் அமெரிக்கக் கரையில் பழங்குடியினரின் தாக்குதலிலிருந்து தப்பி ஓடுகிறான். யாரிகோ என்ற பெண் அவனைக் குகையில் ஒளித்துவைத்து, பழம் கொடுத்து, மாதக்கணக்கில் காப்பாற்றுகிறாள். இருவரும் காதலர்களாகிறார்கள். கப்பலொன்று வர, இருவரும் பார்படோஸ் சேர்கிறார்கள். கரையைக் கண்டதும் இங்கிளுக்கு நஷ்டக் கணக்கு நினைவுக்கு வருகிறது: இத்தனை நாள் வட்டி போயிற்றே! யாரிகோவை அடிமை வியாபாரிக்கு விற்கிறான். அவள் தான் கர்ப்பம் என்று அழுகிறாள். அதைச் சொல்லி அவன் விலையை ஏற்றிக் கேட்கிறான்.

கதை அங்கே நிற்கிறது. கேட்ட ஸ்பெக்டேட்டர் கண்ணீரோடு அறையைவிட்டு வெளியேறுகிறார். ஆங்கில உரைநடையில் ஒரு வணிகனின் மனக்கணக்கை இவ்வளவு சிக்கனமாக, இவ்வளவு கொடூரமாகச் சொன்ன பக்கங்கள் குறைவு.

இரண்டு மாதம் கழித்து, மே 19 அன்று, 69ஆம் இதழ். எழுதியவர் அடிசன். லண்டன் ராயல் எக்ஸ்சேஞ்ச் வணிகக் கூடத்தில் பல நாட்டு வியாபாரிகள் கூடிப் பேரம் பேசுவதைப் பார்த்து ஸ்பெக்டேட்டர் சிலிர்க்கிறார். ஒரு சீமாட்டியின் உடையில் உலகமே இருக்கிறது. அவள் கழுத்து வைரம் இந்துஸ்தானத்தின் வயிற்றிலிருந்து வந்தது. சீனத்து இலையின் சாற்றைக் கரும்பின் சாரம் இனிப்பாக்குகிறது. வணிகர்களைவிட நாட்டுக்கு உபயோகமானவர்கள் எவருமில்லை. இந்த வளத்தைக் கண்டு அவருக்குக் கண்ணீர் பெருகுகிறது. ஆனந்தக் கண்ணீர்.

ஒரே ஸ்பெக்டேட்டர், ஒரே ஆண்டு, ஒரே வணிகம். மார்ச்சில் அதன் கொடுமைக்கு ஒரு கண்ணீர், மே மாதத்தில் அதன் மகிமைக்கு ஒரு கண்ணீர். இரண்டு கண்ணீரும் ஒன்றையொன்று அறியவில்லை. அந்தக் கரும்பு விளைந்த நிலம் பார்படோஸ் போன்ற தீவுகள்தான் என்பதும், அங்கே வெட்டியவர்கள் யாரிகோவைப் போல விலைபோனவர்கள்தான் என்பதும் 69ஆம் இதழுக்குத் தெரியாது. ஸ்டீலின் கதையிலும் குற்றம் இங்கிளின் நன்றிகெட்ட மனத்தோடு முடிந்துவிடுகிறது. ஆண் துரோகியா பெண் துரோகியா என்ற வரவேற்பறை வாதத்துக்கு அது உதாரணமாகிறது. ஆளை வாங்கிய சந்தையின் மீது ஒரு வரி இல்லை.

அறியாமை என்று மன்னிக்கலாமா? இருவர் வாழ்க்கையும் அதற்கு இடம் தரவில்லை. ஸ்டீல் 1705இல் மணந்த முதல் மனைவி மார்கரெட்டுக்குப் பார்படோஸில் அடிமைகளோடு கூடிய தோட்டம் இருந்தது. அவர் அடுத்த ஆண்டே இறந்துபோக, அது ஸ்டீலுக்கு வந்தது. அடிசனின் தம்பி கல்ஸ்டன் கிழக்கிந்தியக் கம்பெனியில் வேலை பார்த்து, 1709 செப்டம்பரில் நம் சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநரானார். அவருக்கு முன் அந்தப் பதவியிலிருந்தவர், கோல்கொண்டா வைரத்தை வாங்கி ‘டைமண்ட் பிட்’ என்று பேர்பெற்ற தாமஸ் பிட். கல்ஸ்டன் பதவியேற்ற அடுத்த மாதமே இங்கேயே இறந்தார். சொத்து அண்ணனுக்கு. கைக்கு வந்து சேரத்தான் ஆண்டுகள் பிடித்தன. ஆக, இந்துஸ்தானத்து வைரத்தைப் பற்றி அடிசன் எழுதிய நாளில் சென்னையிலிருந்து வர வேண்டிய பணம் அவர் மனத்தில் இல்லாமலிருக்காது. கரும்புத் தோட்டத்து வருமானம் எப்படி வருகிறது என்று ஸ்டீலுக்குச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.

ஒரே நபர் இரண்டையும் எழுதியிருந்தால் முரண்பாடு அவரையே ஒரு நாள் இடித்திருக்கும். இருவர் எழுதியதால் யாருக்கும் இடிக்கவில்லை. கூட்டு வியாபாரத்தில் ஒரு பங்காளியின் பேரேட்டில் இருக்கும் கடனை இன்னொரு பங்காளி பார்க்காமலே இருந்துவிட முடிவதைப் போல. கட்சி வேண்டாம் என்ற விரதம் இங்கே இன்னொரு வேலையும் செய்தது: கேட்டிருக்க வேண்டிய கேள்விகளைப் பண்பற்ற கேள்விகளாக்கியது.

பெண் வாசகர் விஷயத்திலும் இதே பாதி வெற்றி, பாதி நழுவல். தேநீர் மேசைக்குப் பத்திரிகையைக் கொண்டுபோனது பெரிய காரியம். ஆனால் 37ஆம் இதழில் லியோனோரா என்ற விதவையின் நூலகத்துக்குள் நுழையும் அடிசன், புத்தகங்களுக்கு நடுவே பீங்கான் கோபுரங்களையும் மரத்தால் செய்த பொய்ப் புத்தகங்களையும் எண்ணிக்கொண்டிருக்கிறார். 81ஆம் இதழில் விக் பெண்கள் நெற்றியின் ஒரு பக்கமும் டோரி பெண்கள் மறுபக்கமும் ஒட்டுப்பொட்டு வைக்கிறார்கள் என்று கிண்டல். ஆண்கள் கட்சி கட்டினால் நாட்டுப் பிரச்சினை, பெண்கள் கட்டினால் முகப் பிரச்சினை. பழைய நண்பர் ஜோனதன் ஸ்விஃப்ட் 1712 பிப்ரவரியில் எழுதிய கடிதத்தில், பெண்களைக் கொஞ்சிக்கொண்டே காலத்தை ஓட்டட்டும் என்று ஸ்பெக்டேட்டரைப் பற்றிச் சலித்துக்கொள்கிறார். ஸ்விஃப்ட் அப்போது எதிர்முகாமின் பேனா. 1711 நவம்பர் இறுதியில் அவர் எழுதி வெளியிட்ட அரசியல் பிரசுரம் இரண்டு மாதத்தில் பதினோராயிரம் பிரதி விற்றிருந்தது. பொறாமையில்லாத சலிப்பு என்பதால் அதற்கு மதிப்புண்டு.

இங்கேயும் விதிவிலக்கு ஸ்டீல்தான். ஜனவரி 4 அன்று வந்த 266ஆம் இதழில், கோவன்ட் கார்டன் வளைவுகளுக்கடியில் மாலை நேரத்தில் பதினேழு வயது மதிக்கத்தக்க ஒரு பெண் அவரை அணுகுகிறாள். அந்தி வெளிச்சத்தில் அவள் அழகையும் பசியையும் குளிருக்குப் போதாத உடையையும் பார்க்கிறார். கையிலிருந்த காசைக் கொடுக்கிறார். பிறகு கட்டுரை, கிராமத்திலிருந்து வண்டியில் வந்திறங்கும் பெண்களைத் தரகிகள் எப்படி வளைக்கிறார்கள் என்பதை விவரிக்கிறது. ஆபாசம் இல்லாத தாள் என்று அடிசன் பெருமை பேசி நான்கே நாள் ஆகியிருந்தது. பள்ளிப் பிள்ளைகளைப் பிரம்பால் அடிப்பதை எதிர்த்து 157இல் எழுதியவரும் ஸ்டீலே. வாக்கியம் சில இடங்களில் தடுமாறும், கட்டுரை பாதியில் திசை மாறும், நாள் தவறாமல் எழுத வேண்டியிருந்ததால் வாசகர் கடிதங்களைக் கோத்து ஒப்பேற்றிய நாட்களும் பல. ஆனால் அடி வாங்கியவர் பக்கம் நிற்க அவருக்கு யோசனை தேவைப்படவில்லை.

மில்டன் கட்டுரைகளைச் சுருக்கமாக முடிக்கிறேன். முதல் ஆண்டு எல்லைக்குள் எட்டு சனிக்கிழமைகள்: காவியத்தைப் பற்றிய பொதுக் கட்டுரைகள் ஆறு, முதலிரு காண்டங்களுக்கு ஒவ்வொன்று. அரிஸ்டாட்டிலின் அளவுகோலை அப்படியே வைத்து அளக்கும் முறை இன்று வறட்டுத்தனமாகத் தெரிகிறது. ஆனாலும் ஒரு பென்னிக்கு, காபிக் கடையில், ஒரு பெருங்காவியத்தைத் தொடராக விளக்கியது திறனாய்வு வரலாற்றில் புது வழி. குறைகளுக்கென்று தனி இதழே ஒதுக்கியது நேர்மை. குறை என்னவென்றால், மன்னனின் தலையை வெட்டிய ஆட்சிக்குப் பேனா பிடித்த மில்டனை அந்தச் சுவடே இல்லாமல் கழுவிக் கொடுத்தது. அரசியல் இல்லாத பத்திரிகைக்கு அரசியல் இல்லாத மில்டன் தேவைப்பட்டார்.

அடிசனை உரைநடையின் முன்மாதிரியாக நிறுத்தியவர் சாமுவேல் ஜான்சன். ஸ்டீலை அடிசனின் நிழலில் தள்ளியவர் மெக்காலே. 1843இல் மெக்காலே எழுதிய கட்டுரைக்குப் பிறகு ஸ்டீல் ஓர் அன்பான ஊதாரி என்பதே பொதுக் கருத்தாகிவிட்டது. ஸ்டீலும் தன் பங்குக்கு அதற்கு உதவினார். நண்பரின் உதவியால் தானே அமிழ்ந்துபோனதாக டாட்லர் காலத்திலேயே சொல்லிக்கொண்டவர் அவர். அந்தப் பணிவை வரலாறு தீர்ப்பாக எடுத்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. மன்றம் ஸ்டீலுடைய யோசனை, சர் ரோஜர் அவருடைய படைப்பு, யாரிகோ அவருடைய குரல். அடிசன் கொடுத்தது உருவம், சமநிலை, வாக்கிய நேர்த்தி. அவை சிறியவை அல்ல. விதைத்தவன் பெயரில்லாமல் அறுவடையை எழுதிவைத்தது மட்டும் அநியாயம்.

அவர்கள் கட்டிக்காத்த நடுநிலையும் நீண்ட நாள் தாங்கவில்லை. ஸ்டீல் நாடாளுமன்றத்துக்குப் போய், அரசியல் எழுத்துக்காக 1714இல் அங்கிருந்து வெளியேற்றப்பட்டார். 1719இல் பிரபுக்கள் மசோதாவில் இரு நண்பர்களும் எதிரெதிர்த் துண்டுப் பிரசுரங்களில் மோதிக்கொண்டார்கள். அந்த ஜூன் மாதம் அடிசன் இறந்தார்.

என் தீர்ப்பு இதுதான். 314இல் கணிசமான பகுதி இன்று உயிரற்றது. விசிறியும் பொய்முடியும் பற்றிய கேலிகள் அவற்றோடே போய்விட்டன. ஜூலை மாதத்துக் கிராமக் கட்டுரைகளும் 11ஆம் இதழும் 117, 266 போன்ற சிலவும் எந்த மொழியின் கட்டுரை இலக்கியத்திலும் முதல் வரிசைக்குரியவை. வீடு, பள்ளி, தேவாலயம், தெரு ஆகியவற்றின் அன்றாடத்தை அச்சுக்குத் தகுதியான பொருளாக்கியதில் முதல் ஆண்டு முழு வெற்றி. கட்சிக்கு அப்பால் நின்றதாக அது சொல்லிக்கொண்டதில் தோல்வி. படிக்க நினைப்பவர்கள் தேர்ந்தெடுத்த தொகுப்போடு நின்றுவிடாமல் இதழ் வரிசைப்படியே படியுங்கள். குறைந்தபட்சம் 11ஐயும் 69ஐயும் ஒரே அமர்வில் படித்துவிடுங்கள்.